நடுவில் அமர்ந்தவர்: சில்வியா சாங்கின் ஐம்பதாண்டுத் திரைவாழ்வு

ஆஸ்திரேலியாவில் ஒரு வீடு. தந்தைக்கு ஆங்கிலம் வராது. மகனுக்குச் சீன மொழி மறந்துவிட்டது. ஒரே கூரையின்கீழ் வாழும் இருவரும் மனம்விட்டுப் பேச மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டியிருக்கிறது. மகனுக்குச் சீனம் கற்பிக்கும் ஆசிரியை வருகிறார். நடுவில் நின்று, மகனின் கோபத்தைத் தந்தையின் மொழிக்கும் தந்தையின் பிடிவாதத்தை மகனின் மொழிக்கும் மாற்றித் தருகிறார். அவரும் ஹாங்காங்கை விட்டுப் புலம்பெயர்ந்தவர்தான்.

சீன இயக்குநர் ஜியா ஜாங்கே 2015இல் எடுத்த 'மவுண்டன்ஸ் மே டிபார்ட்' படத்தின் மூன்றாம் பகுதியில் வரும் காட்சி இது. 1999, 2014, 2025 என மூன்று காலங்களில் நகரும் அந்தப் படத்தில், அன்று எதிர்காலமாக இருந்த 2025ஐ ஜியா ஆஸ்திரேலியாவில் அமைத்தார். ஆசிரியை மியாவாக நடித்தவர் தைவானில் பிறந்த சில்வியா சாங். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. இந்த வேடத்துக்கு அவரைவிடப் பொருத்தமான நடிகை சீன மொழி உலகில் கிடைத்திருக்க மாட்டார். இரண்டு மொழிகளுக்கும் மூன்று நிலங்களுக்கும் நடுவே அமர்ந்திருப்பது அவர் அந்தப் படத்துக்காகப் புதிதாகக் கற்ற வேலை இல்லை. வாழ்நாள் முழுவதும் செய்துவந்தது அதைத்தான்.

திரைப்பட அகராதிகள் அவரை 'நடிகை, இயக்குநர், பாடகி, தயாரிப்பாளர்' என்று வரிசைப்படுத்துகின்றன. நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் நடித்து, பத்துக்கு மேற்பட்ட படங்களை இயக்கியவரை அப்படித்தான் அறிமுகப்படுத்த முடியும். ஆனால் இந்தப் பட்டியல் அவருடைய முக்கியத்துவத்தைச் சொல்வதில்லை. தைவான், ஹாங்காங், சீனப் பெருநிலம் ஆகிய மூன்றும் ஒரே எழுத்துமுறையின் கிளைகளைப் பகிர்ந்துகொண்டாலும், அரசியலால் பிரிந்து தனித்தனிச் சினிமாக்களாக வளர்ந்தவை. மூன்றிலும் வீட்டு ஆளாக நடமாடியவர்கள் மிகக் குறைவு. எந்த ஒன்றுக்கும் முழுதாகச் சொந்தமாக இல்லாததே அவருடைய பலம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

சியாயியிலிருந்து நியூயார்க் வரை

1953 ஜூலையில், தென்மேற்குத் தைவானில் வான்படைத் தளம் உள்ள சியாயி என்னும் ஊரில் பிறந்தார். சீனப் பெயர் ஜாங் ஐஜியா. தந்தை வான்படை அதிகாரி. மகளுக்கு ஒரு வயதானபோது விமான விபத்தில் இறந்தார். 1949இல் உள்நாட்டுப் போரில் தோற்று, சீனப் பெருநிலத்திலிருந்து தேசியவாதத் தலைவர் சியாங் கை-ஷேக்குடன் தைவானுக்கு வந்து குடியேறிய தலைமுறையைச் சேர்ந்த குடும்பம் அது. 'ஒருநாள் திரும்பிப் போவோம்' என்ற நினைப்பிலேயே வாழ்ந்த தலைமுறை. ஊரை விட்டு வந்தவர்களின் பேத்தியாகப் பிறந்த சிறுமி, பிறகு தான் பிறந்த தீவையும் விட்டு ஹாங்காங்கிலும் நியூயார்க்கிலும் வளர்ந்தாள்.

பதின்பருவத்தின் தொடக்கத்தில் தைவானுக்குத் திரும்பியபோது, உள்ளூர்ப் பள்ளியில் சேராமல் தைபே அமெரிக்கன் பள்ளியில் சேர்ந்தார். தாய்வழித் தாத்தா வெய் ஜிங்மெங் புகழ்பெற்ற பத்திரிகையாளர். 1960களின் பிற்பகுதியில் அரசின் செய்தித் துறைக்குத் தலைமை வகித்தவர். வீட்டில் பழைய சீனத்தின் மரியாதைகள், வெளியே ராணுவச் சட்டத்தின் இறுக்கம், காதில் அமெரிக்கப் பாட்டு. பதினாறு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு வானொலி அறிவிப்பாளரானார். அன்றைய தைவானில் மேற்கத்திய இசையைத் தடுமாறாமல் அறிமுகப்படுத்த ஆங்கிலம் தெரிந்த இளங்குரல்களுக்குத் தேவை இருந்தது. வெளிநாட்டில் வளர்ந்தது முதலில் பயன்பட்ட இடம் அதுதான்.

அடுத்து ஹாங்காங்கின் கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. புரூஸ் லீயை உலகுக்குக் கொடுத்த நிறுவனம். 1973இல் வெளியான 'த டாட்டூட் டிராகன்' என்ற சண்டைப்படத்தில் ஜிம்மி வாங் யூவுடன் நடித்தார். அடிதடிப் படங்களில் கதாநாயகி செய்யக்கூடியது குறைவு. தைவானுக்குத் திரும்பினால் அங்கே காத்திருந்தவை சியுங் யாவின் நாவல்களிலிருந்து உருவான காதல் படங்கள். வரவேற்பறை, காபிக் கடை, உணவுக் கூடம் ஆகிய மூன்றே இடங்களில் கதை முடிந்துவிடுவதால் தைவானியர் அவற்றை 'மூன்று கூடத்துப் படங்கள்' என்று கேலி செய்தார்கள். அந்த வகையிலிருந்தே 1976இல் அவருக்குத் தைவானின் தங்கக் குதிரைத் திரைப்பட விருது முதல்முறையாகக் கிடைத்தது, சிறந்த துணை நடிகைக்காக.

1962இல் தொடங்கிய இந்த விருதின் பெயரில் ஒரு சேதி இருக்கிறது. சீனக் கரைக்கு மிக அருகில், தைவானின் வசம் உள்ள ஜின்மென், மாட்சு என்ற போர்முனைத் தீவுகளின் முதலெழுத்துகள் சேர்ந்ததே ஜின்மா, அதாவது தங்கக் குதிரை. விருதின் பெயரிலேயே பிரிவினையின் கோடு ஓடுகிறது. பிற்காலத்தில் அந்தக் கோட்டின்மேலேயே நிற்க வேண்டியிருக்கும் என்று அன்றைய இளம் நடிகை நினைத்திருக்க வாய்ப்பில்லை.

மூத்தவர்களிடமும் புதியவர்களிடமும்

1977 முதல் 1979 வரையிலான மூன்று ஆண்டுகள் அவருடைய வாழ்வில் தனித்துப் பார்க்க வேண்டியவை. ஷா பிரதர்ஸ் நிறுவனத்துக்காக லீ ஹான்-சியாங் எடுத்த 'செம்மாடத்துக் கனவு' படத்தில் கண்ணீர்க் கவிஞி லின் டாய்யூவாக நடித்தார். காதலன் பாவ்யூவாக ஆண் வேடமிட்டவர் பிரிஜிட் லின். கிங் ஹூ தென் கொரிய மலைகளில் படமாக்கிய 'லெஜண்ட் ஆஃப் த மவுண்டன்' படத்தில் சாந்தமான ஆவியாக வந்தார். அதே 1979இல், ஹாங்காங்கில் உண்மையாகவே நடந்த இரட்டைக் கொலையை வைத்து ஆன் ஹுய் என்ற இளம்பெண் எடுத்த முதல் படமான 'த சீக்ரெட்' அவரைக் கதையின் மையத்தில் வைத்தது. ஹாங்காங் புதிய அலையின் தொடக்கப் படங்களில் ஒன்று அது.

பழைய ஸ்டுடியோ முறையின் கடைசி ஆசான்களிடம் பாடம் கேட்டுக்கொண்டே, அந்த முறையை உடைக்க வந்தவர்களின் முதல் படத்திலும் நின்றார். புகழ்பெற்ற நட்சத்திரங்கள் பொதுவாகப் புதுமுக இயக்குநரிடம் எச்சரிக்கையாக இருப்பார்கள். இவரோ அவர்களைத் தேடிப் போனார். எட்வர்ட் யாங்குடன் நடந்ததே இதற்குச் சரியான சான்று.

1981இல் தைவான் தொலைக்காட்சிக்காக 'பதினொரு பெண்கள்' என்ற தொடரைச் சாங் தயாரித்தார். பெண் எழுத்தாளர்களின் சிறுகதைகள், ஒவ்வொன்றுக்கும் தனி இயக்குநர், அவர்களில் பலர் புதியவர்கள். அப்படி வாய்ப்புப் பெற்றவர்களில் ஒருவர், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கணினிப் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு முப்பதைக் கடந்த வயதில் ஊர் திரும்பியிருந்த எட்வர்ட் யாங். அவர் இயக்கிய முதல் படைப்பு அந்தத் தொடரில்தான் ஒளிபரப்பானது. அடுத்த ஆண்டு, நான்கு புதிய இயக்குநர்கள் சேர்ந்து எடுத்த 'இன் அவர் டைம்' வெளியானது. தைவான் புதிய சினிமா அதிலிருந்தே தொடங்குகிறது என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கு வைக்கிறார்கள். அதில் ஒரு பகுதியை யாங் இயக்க, மற்றொரு பகுதியில் சாங் நடித்தார். 1983இல் யாங்கின் முதல் முழுநீளப் படமான 'தட் டே ஆன் த பீச்' வந்தபோது அதன் நாயகியும் அவரே.

கடற்கரையில் அந்த நாள்

இந்தப் படத்தில் சற்று நின்று பேச வேண்டும். சாங் நடித்தவற்றுள் மிகச் சிறந்ததும் இது. அவர் எப்படிப்பட்ட நடிகை என்பது தெளியும் இடமும் இது.

பியானோ கலைஞர் ஒருத்தி பல ஆண்டுகள் ஐரோப்பாவில் இருந்துவிட்டுத் தைபேயில் கச்சேரி செய்ய வருகிறாள். ஒருகாலத்தில் தன்னைக் காதலித்த மனிதனின் தங்கை ஜியாலியைக் காபிக் கடையில் சந்திக்கிறாள். இரண்டு பெண்கள் பேசுகிறார்கள். படம் முழுக்க அந்தப் பேச்சுதான். நினைவுக்குள் நினைவாக, சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் விரிகிறது. மருத்துவரான தந்தை சொன்ன பெண்ணையே மணந்து அண்ணன் காதலைக் கைவிட்டதை ஜியாலி பார்த்தவள். தன் முறை வந்தபோது இரவோடிரவாக வீட்டை விட்டு ஓடிக் காதலனை மணக்கிறாள். அந்தக் காதல் கல்யாணமும் தைபேயின் பணவேகத்தில் கசந்துபோகிறது. ஒருநாள் கணவன் கடற்கரையில் காணாமல் போகிறான். கடலிலிருந்து ஓர் உடல் கிடைத்ததாகச் சேதி வருகிறது. அது அவன்தானா என்று பார்க்க நிற்காமல் ஜியாலி திரும்பி நடந்துவிடுகிறாள்.

வெளிநாட்டில் வளர்ந்த நடிகைக்கு யாங் கொடுத்தது வெளிநாடு போனவளின் வேடமில்லை. போகாமல் இருந்தவளின் வேடம். திரும்பி வந்தவள் கேட்கிறாள், இருந்தவள் சொல்கிறாள். சீருடை அணிந்த பள்ளி மாணவியிலிருந்து முப்பதைத் தொட்ட நிதானமான பெண் வரை ஒரே ஆளின் வளர்ச்சியைச் சாங் நடையாலும் குரலின் கனத்தாலும் மட்டுமே காட்டுகிறார். அழுகை குறைவு. சியுங் யாவ் படங்களின் கண்ணீர்ப் பழக்கத்தை உதறிவிட்டு வந்தவருக்கே கைவரும் அடக்கம் அது. ஆஸ்திரேலியரான கிறிஸ்டோஃபர் டாயில் ஒளிப்பதிவு செய்த முதல் முழுநீளப் படமும் இதுவே. பின்னாளில் ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாயின் கண்ணாகப் புகழ்பெற்றவர் அவர்.

யாங்கின் மேதைமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவரை நம்பிப் பணமும் பெயரும் பின்னால் நிற்க ஒருவர் வேண்டியிருந்தது. மக்கள் அறிந்த முகம் ஒன்று அந்த நீண்ட, மெதுவான படத்தைத் தாங்கியதால்தான் அது திரையரங்குக்கு வர முடிந்தது என்று சொல்வது மிகையாகாது.

திரும்பி வருபவளும் புறப்படுபவளும்

இதே ஆண்டுகளில் ஹாங்காங்கில் அவர் வேறொரு சாங். 1982இல் வந்து அதுவரையிலான வசூல் சாதனைகளை முறியடித்த 'ஏசஸ் கோ ப்ளேசஸ்' நகைச்சுவைப் படத்தில் முரட்டுப் போலீஸ் அதிகாரியாக ஆண்களைக் கன்னத்தில் அறைந்தார். 1984இல் ட்சுய் ஹார்க்கின் 'ஷாங்காய் ப்ளூஸ்' படத்தில், குண்டுவீச்சின் இருட்டில் பாலத்தடியில் முகம் தெரியாத இளைஞனிடம் மனம் கொடுத்து, பத்தாண்டுகள் தேடும் இரவு விடுதிப் பெண்ணானார். கலைப்படத்தின் மௌனமும் வணிகப்படத்தின் கூச்சலும் ஒரே ஆண்டுக் கணக்கில் அவரிடம் சேர்ந்திருந்தன.

வேடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு நூல் பிடிபடும். ஜானி டோ இயக்கிய 'ஆல் அபௌட் ஆ-லாங்' (1989) படத்தில், இறந்துவிட்டதாக நம்பவைக்கப்பட்ட தன் மகனை அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து காணும் தாய். சௌ யுன்-ஃபாட்டின் புகழ்பெற்ற நடிப்புக்கு எதிரே நின்ற வேடம் அது. கதையை உருவாக்கியதிலும் சாங்குக்குப் பங்குண்டு. அதே ஆண்டு மேபல் சியுங்கின் 'எய்ட் டேல்ஸ் ஆஃப் கோல்டு' படத்தில் திசை தலைகீழ். நியூயார்க்கில் டாக்சி ஓட்டும் சாம்மோ ஹுங், நண்பர்களிடம் கடன் வாங்கிய தங்கத்தைப் பூட்டிக்கொண்டு பெருமைக்காகச் சொந்த ஊருக்கு வருகிறார். சாங் அந்த ஊர்ப்பெண், அமெரிக்க மாப்பிள்ளைக்காகப் புறப்படக் காத்திருப்பவள். முந்தைய ஆண்டு மைக் நியூவெல் இயக்கிய ஆங்கிலப் படம் 'சௌர்ஸ்வீட்'. அதில் லண்டனில் சாப்பாட்டுக் கடை வைத்துப் பிழைக்கும் ஹாங்காங் மனைவி.

ஒருத்தி திரும்புகிறாள், ஒருத்தி புறப்படுகிறாள், ஒருத்தி போன இடத்தில் வேர்பிடிக்கப் பாடுபடுகிறாள். 1984இல் பிரிட்டனும் சீனாவும் ஒப்பந்தம் போட்ட பிறகு, 1997இல் ஹாங்காங் கைமாறும் என்ற பதற்றத்தில் குடும்பங்கள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஊர் முழுக்க விமான நிலையத்தை நோக்கியிருந்தபோது, போவதும் வருவதும் என்னவென்று சிறுவயதிலேயே அறிந்த முகம் திரைக்குத் தேவைப்பட்டது.

இயக்குநராக இதே கதைக்குள் அவர் நேரடியாக இறங்கியது 'சியாவ் யூ' (1995) படத்தில். எழுத்தாளர் கேலிங் யானின் குறுநாவலை இயக்குநர் ஆங் லீயோடு சேர்ந்து திரைக்கதையாக்கினார். நியூயார்க்கின் தையற்கூடத்தில் ஒளிந்து வேலை செய்யும் சீனப் பெண், நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்காக ஒரு கிழட்டு அமெரிக்க எழுத்தாளரைப் பொய்க் கல்யாணம் செய்துகொள்கிறாள். காகிதக் கணவனிடம் மெல்ல மரியாதை வளர, காதலனிடம் இருந்த நம்பிக்கை தேய்கிறது. நாயகி ரெனே லியூவைத் திரைக்கு அறிமுகப்படுத்தியவரும் சாங்தான். பாட்டாளிப் பெண்ணை இரக்கத்துக்குரிய பொம்மையாக்காமல், கணக்குப்போட்டு முடிவெடுக்கத் தெரிந்தவளாகக் காட்டியது அந்தப் படத்தின் பலம்.

பெண்கள் பேசிக்கொள்ளும் படங்கள்

சாங் இயக்கத்துக்கு வந்த கதை சுமுகமானதில்லை. இயக்குநர் விபத்தில் இறந்துபோனதால் பாதியில் நின்ற படமொன்றை எடுத்து முடித்ததே அவருடைய தொடக்கம். தன் படம் என்று உரிமையோடு சொல்லத்தக்கது 1986இல் வந்த 'பேஷன்'. கணவனை இழந்த இரண்டு நடுவயதுத் தோழிகள் பழைய கதை பேசுகிறார்கள். ஒருத்தியின் கணவனை மற்றவளும் நேசித்திருந்தாள் என்பது இருவருக்கும் தெரியும். அந்தப் படத்துக்காக ஹாங்காங் திரைப்பட விருது, தங்கக் குதிரை இரண்டிலும் சிறந்த நடிகையானார்.

இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசும் அமைப்பை யாங்கின் படத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டார் என்று கருத இடமுண்டு. ஆனால் யாங்கின் பெண்கள் நகரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், சாங்கின் பெண்கள் ஒருவரையொருவர் பற்றிப் பேசுகிறார்கள். 'டெம்ப்டிங் ஹார்ட்' (1999) முதற்காதலை நினைத்துப் படமெடுக்க முயலும் பெண் இயக்குநரின் கதை. 2004இல் பெர்லின் விழாப் போட்டிக்குத் தேர்வான '20 30 40' தைபேயில் மூன்று வயதுகளில் மூன்று பெண்களைத் தொடர்கிறது. இருபது வயதுக்காரி பாடகியாகும் கனவோடு மலேசியாவிலிருந்து வந்தவள். இங்கேயும் ஒரு பெட்டி, ஒரு விமானம்.

குறையையும் சொல்ல வேண்டும். இயக்குநர் சாங்குக்கு யாங்கின் கட்டமைப்புக் கூர்மையோ, மற்றொரு தைவான் இயக்குநரான ஹூ சியாவ்-சியென்னின் பொறுமையோ கிடையாது. உணர்ச்சி உச்சத்தை அடையும்போது இசையைச் சற்று முன்னதாகவே அழைத்துவிடுவார். பார்வையாளர் கண்ணீர்விட வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டும் வணிகப்பட வழக்கம் முழுதாக அவரை விட்டுப் போகவில்லை. ஆனால் 2017இல் சீனப் பெருநிலத்தில் எடுத்த 'லவ் எஜுகேஷன்' இந்தக் குறையைப் பெரிதும் கடந்த படம். தாய் இறந்ததும், கிராமத்தில் புதைக்கப்பட்ட தந்தையின் எலும்புகளை எடுத்துவந்து தாயருகே புதைக்க விரும்புகிறாள் ஓய்வுபெறப் போகும் ஆசிரியை. கிராமத்திலோ, தந்தையின் முதல் மனைவியான கிழவி கல்லறைமீது படுத்து மறிக்கிறாள். வாழ்நாளெல்லாம் கணவனுக்காகக் காத்திருந்தவளுக்கு எஞ்சியது அந்த மண்மேடுதான். யார் உண்மையான மனைவி என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல மறுக்கிறது படம்.

சீனத்தின் பிடிவாதமான கேள்வி ஒன்றை, செத்தவர் எந்த மண்ணுக்குச் சொந்தம் என்பதை, விமான விபத்தில் தந்தையை இழந்து, பிறந்த ஊரில் வளராத பெண் படமாக்கினார். ஆசிரியையாக நடித்தவரும் அவரே. கணவராக நடித்தவர் சீனாவின் மூத்த இயக்குநர் டியான் ஜுவாங்ஜுவாங். பெருநிலத்துக் கதையைத் தைவான் பெண் சொல்கிறாள் என்ற உறுத்தல் படத்தில் எங்கும் இல்லை.

கோட்டின்மேல் நின்ற ஆண்டுகள்

2014இல் ஹூ சியாவ்-சியென்னுக்குப் பின் தங்கக் குதிரை விருதுக் குழுவின் தலைமை சாங்கிடம் வந்தது. அன்று அது மூன்று சினிமாக்களும் கூடும் ஒரே பெரிய மேடை. பெருநிலத்துப் படங்களும் போட்டியிட்டு விருது வாங்கிச் சென்றன. 2018இல் பொறுப்பை ஆங் லீயிடம் ஒப்படைத்தார். அந்த ஆண்டு நவம்பர் விழாவில் ஓர் ஆவணப்பட இயக்குநர் தைவானைத் தனி நாடாக உலகம் பார்க்க வேண்டும் என்ற விருப்பத்தை மேடையில் சொன்னார். 2019 ஆகஸ்டில் சீனத் திரைப்பட நிர்வாகம் தன் நாட்டுப் படங்களும் கலைஞர்களும் அந்த விழாவில் பங்கேற்பதை நிறுத்திவைத்தது. பத்தாண்டுகளாகப் பின்னிய வலை ஓராண்டுக்குள் அறுந்தது. ஒரு கலைஞரின் வாழ்நாள் உழைப்பால் கட்டிய பாலத்தை அரசுகள் ஓர் அறிவிப்பில் மூடிவிட முடியும் என்பதற்கு இது ஒரு பாடம்.

பெருநிலம் விலகிய அந்த மேடையில், 2022இல், 69 வயதில் சாங் மறுபடி சிறந்த நடிகையானார். படம், ஹாங்காங்கின் அறிமுக இயக்குநர் அனஸ்டேசியா ட்சாங்கின் 'எ லைட் நெவர் கோஸ் அவுட்'. நியான் விளக்குப் பலகைகள் செய்த கணவன் இறந்த பின், சட்டக் கெடுபிடிகளால் நகரத்தை விட்டு மறைந்துவரும் அந்தக் கைத்தொழிலைக் கற்று அவருடைய கடைசிப் பலகையை முடிக்க முயலும் விதவை. 1981இல் முதல்முறை தங்கக் குதிரைச் சிறந்த நடிகையானதற்கும் இதற்கும் இடையே 41 ஆண்டுகள். 1979இல் ஆன் ஹுய், 1983இல் எட்வர்ட் யாங், 2022இல் இன்னொரு இளம்பெண்: முதல் படம் எடுப்பவரின் பக்கத்தில் நிற்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

சில்வியா சாங்கை மாபெரும் இயக்குநர்களின் வரிசையில் வைக்க வேண்டியதில்லை. அவர் இல்லாமல் அந்த வரிசையே வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது போதும். அவருடைய வேடங்களில் ஒரு நூற்றாண்டுச் சீனப் புலம்பெயர்வின் எல்லாத் திசைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு முகம் கொடுக்க, எந்தத் திசையிலும் வேரூன்றாத ஒருவர் தேவைப்பட்டார்.

2024இல் டொரொன்டோ விழாவில் திரையிடப்பட்ட 'டாட்டர்ஸ் டாட்டர்' படத்தில், இறந்த மகள் விட்டுச்சென்ற கருவுக்குப் பொறுப்பாளியாகும் தாயாக நடித்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அந்தப் படத்தின் கதையும் நடப்பது தைபேக்கும் நியூயார்க்குக்கும் இடையில்தான்.